அப்பாவுக்காக ஒரு மூச்சு

"கொலைகாரன்! எங்கப்பாவைக் கொன்னுட்டு, கையைக் கழுவிட்டு வந்து நிக்கறான் பாருங்க!"

ஐ.சி.யூ. வாசலில் மகள் போட்ட கூச்சலில் மாடி முழுக்க எட்டிப் பார்த்தது.

"இன்னும் சாகலம்மா!" பதிலுக்கு எகிறினார் சர்ஜன். "மெஷின்ல மூச்சு ஓடிட்டிருக்கு!"

"நடந்து வந்த மனுஷன்! நுரையீரல்ல ஒரு கட்டி, எடுத்துட்டா சரியாயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எண்பது வயசுல நெஞ்சைத் திறந்தா ஆபத்துன்னும் சொன்னேன். கட்டி போச்சு. தையல் சுத்தம். ஆனா நுரையீரல் விரியல, சளி கட்டி நிமோனியா... ஏன்னு எனக்கே புரியல!"

"சார், இந்த ஆளை உள்ள தூக்கிப் போடுங்க!"

'சார்' என்றது இன்ஸ்பெக்டரை. மகளே போன் போட்டு வரவழைத்திருந்தாள். அப்பாவை விட்டால் அவளுக்கு வேறு யாருமில்லை.

இன்ஸ்பெக்டர் வார்டுக்குப் போனார். ஐ.சி.யூ.வுக்கு வருமுன் கிழவர் படுத்திருந்த கட்டிலைக் குடைந்தார். ஒரு பிளாஸ்டிக் கருவியோடு திரும்பினார். மூன்று கூண்டு, மூன்று பந்து, ஒரு குழாய்.

"என்ன டாக்டர், விளையாட்டுச் சாமானா?"

"மூச்சுப் பயிற்சி. குழாயை வாயில வச்சு இழுத்தா பந்து ஏறும், நுரையீரல் விரியும். வயசானவங்களுக்கு இதுதான் உயிர். தினம் மூணு பந்தும் ஏறுச்சுன்னு நர்ஸ் சொன்னாங்களே!"

"கண்ணால பார்த்தாங்களா?"

"திரைக்கு வெளியே நின்னு சத்தம் கேட்டிருக்காங்க..."

இன்ஸ்பெக்டர் குழாயின் நுனியை வெளிச்சத்தில் திருப்பினார்.

சிவப்பு!

"ஐயோ, ரத்தமா?" மகள் அலறினாள்.

"லிப்ஸ்டிக்." அவர் பார்வை அவள் உதட்டில் வந்து நின்றது. "உங்கப்பாவுக்கு அந்தப் பழக்கம் உண்டா மேடம்?"

மகள் புறங்கையால் உதட்டைத் துடைத்தாள்.

"அவருக்கு வலிச்சுது சார்! இழுக்க இழுக்கத் துடிச்சார். பந்து ஏறலைன்னா நர்ஸ் திட்டுவா... அதான் அவருக்குப் பதிலா நானே இழுத்தேன்..."

"ஆள் மாத்தி எழுத இது என்ன பரீட்சையா?!" சர்ஜன் வெடித்தார். "நான் எண்ணி எண்ணித் தையல் போட்டேன். நீ பாசத்தைக் காட்டியே ஆளைச் சாய்ச்சுட்டியே!"

வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சர்ஜனை விட்டுவிட்டு மகளை முறைக்க ஆரம்பித்தது.

கேஸ் எதுவும் இல்லை. பாசத்துக்குச் சட்டத்தில் செக்‌ஷன் கிடையாதே!

கிழவருக்குக் கெட்டியான உயிர். பிழைத்தார். மெஷினைக் கழற்றியதும் செய்த முதல் வேலை, மகளை வெளியே போகச் சொன்னதுதான்.

அதன்பின் அவரைத் திட்டித் திட்டி இரும வைத்து, நடக்க வைத்து நிமிர்த்தியவள் பக்கத்து வார்டு விதவை. அவளுக்கும் இதே ஆபரேஷன். இருமும்போது வலிக்காமல் இருக்கத் தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்!

இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். மகளுக்கு முகவரிகூடத் தரவில்லை.

எண்பது வயதில் ஆபரேஷன் செய்தால் என்னென்ன ஆகும் என்று மணிக்கணக்கில் விளக்கிய சர்ஜன், கல்யாணம் ஆகும் என்று மட்டும் கடைசிவரை சொல்லவே இல்லை!