மூன்றாம் சேனல்

வாக்கி டாக்கியில் முதலில் வந்தது யாரோ மூச்சுவிடுவது மாதிரி இருந்தது, பிறகு அடித்தொண்டையில் முனகுவது போல ஒரே சுருதியில் நீண்டு, மேசையில் கிடந்த திருகாணிகள் மெல்ல அதிர, அவன் பற்றவைத்துக்கொண்டிருந்த ஈயம் உருகும் வாசனையோடு கீழறை முழுக்கப் பரவியது. அவன் செல்போன் டவர் இன்ஜினியர். இரைச்சல் அவனுக்குப் பழகிய சங்கதி. மாடியில் மனைவி காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். எழுந்து நடக்க முடியாதவள் கூப்பிடுவதற்காக இன்னொரு செட்டை அவள் கையில் கொடுத்திருந்தான்.

"ஏதாவது வேணுமா?"

ரீங்காரம்தான்.

வேறு ஏதோ அலை குறுக்கிடுகிறது என்று முடிவுகட்டினான். தொழில்புத்தி. சேனலை மூன்றிலிருந்து ஏழுக்கு மாற்றினான். சத்தம் பட்டென்று நின்றது. அவள் செட் மூன்றிலேயே இருக்கும் என்பது மண்டையில் உறைக்கவில்லை. நிம்மதியாக வேலையைத் தொடர்ந்தான்.

அந்த அமைதியில் தேன்காரம்மா நினைவுக்கு வந்தாள். டவர் வந்தபின் தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பாமல் வழிதவறிச் சாகின்றன என்று புகார் கொடுத்தவள். கதிர்வீச்சை அளக்கப் போன அன்று டவரின் பவரைக் குறைத்துவிட்டுத்தான் மீட்டரை வைத்தான். 'வரம்புக்குள்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். அவளுடைய நாற்பது பெட்டியும் காலி. அவள் கத்தவில்லை.

"மிச்சம் இருக்கறதுங்க எங்க சார் போகும்? உங்க வீட்டுக்கு வரச் சொல்லட்டுமா?"

"தாராளமா வரச் சொல்லும்மா," என்று அன்று சிரித்தான். இப்போது வாய் கசந்தது.

செட்டைப் பார்த்தான். ஏழு. மூன்றுக்குத் திருப்பினான்.

ரீங்காரம். அதற்கு அடியில், வெகு அடியில், மனைவியின் குரல்.

"மேல வாங்க... அரைமணியா கூப்பிடறேன்... கேக்கலையா..."

குரல் அறுந்தது.

படியேறினான். இரண்டிரண்டாக. சுவர் கதகதப்பாக இருந்தது. தேன்வாசனை. குமட்டும் தித்திப்பு. கதவின் கைப்பிடி அதிர்ந்தது.

திறந்தான்.

ஜன்னல் தெரியவில்லை. பழுப்பு. சுவரெல்லாம் பழுப்பு. அசைந்தது. கட்டிலில் அவள். கண்கள் அவனைப் பார்த்தபடி. இமைக்கவில்லை. திறந்த வாய்க்குள் தேனீக்கள் ஒவ்வொன்றாகப் போயின, வந்தன, போயின. அவசரமே இல்லாமல்.

பாய்ந்தான். கூட்டம் விலகி வழிவிட்டது. அடித்தான், நசுக்கினான், என்னைக் கொட்டுங்கள் என்று கெஞ்சினான். அவள் தொண்டைக்குள் மெழுகு வெள்ளையாக, அறை அறையாக ஏறிக்கொண்டிருந்தது. அவனை ஒன்றுகூடக் கொட்டவில்லை.