வாந்தி வராத வார்டு

காலை ஆறே முக்காலுக்கு ஆயாம்மாவின் செல்போன் அலறியது.

புற்றுநோய் மருத்துவமனையின் நான்காம் வார்டில், ஏழாம் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். கட்டிலின் மேல் அவள் தங்கை. மேலே படுத்தால் நோயாளி, கீழே படுத்தால் ஊழியர். அவ்வளவுதான் வித்தியாசம்.

"அக்கா... நான்தான்." மருந்து கலக்கும் அறையின் மருந்தாளர். கிசுகிசுத்தார். "பத்து மணிக்கு உன் தங்கச்சிக்கு சிவப்பு மருந்து ஏத்தறாங்கல்ல... ஏத்த விடாத."

"ஏன் தம்பி?"

"அது மருந்தே இல்லக்கா. சாயத் தண்ணி. பெட்டியில யாரு மாத்தி வைக்கிறாங்கன்னு இப்பதான்..."

ஏதோ விழுந்தது. பிறகு சத்தமே இல்லை.

ஓடினாள். மருந்துப் பெட்டிகள் வைக்கும் குளிர் அறை பூட்டியிருந்தது. எட்டு மணிக்கு சீஃப் டாக்டர் வந்து திறந்தபோது, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே மருந்தாளர் குப்புறக் கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது.

"வழுக்கி விழுந்திருப்பார்" என்றார் சீஃப் டாக்டர், இன்ஸ்பெக்டரிடம். "நாளைக்கு மந்திரி வர்றார். கொஞ்சம் பார்த்து எழுதுங்க."

அவர் தலைக்கு மேல் பேனர் தொங்கியது. 'வாந்தி இல்லாத சிகிச்சை... உலகிலேயே முதன்முறை!' பேனரில் நோயாளி ஒருவர்கூட இல்லை. சீஃப் டாக்டர் மட்டும் ஆறு இடத்தில் சிரித்தார்.

இன்ஸ்பெக்டர் வராந்தாவுக்கு வந்தார். ஆயாம்மா காத்திருந்தாள். போனில் கேட்டதைச் சொன்னாள்.

"சாயத் தண்ணிதான்னு எப்படிம்மா நம்பற?"

"நான் வாந்தி பேசின் கழுவுறவ சார். மருந்து உள்ள போனா பேசின் நிறையும், தலகாணியில முடி கிடக்கும். ரெண்டு மாசமா பேசின் காஞ்சு கிடக்கு. நான் பயந்தேன். சீஃப் டாக்டரு பேனர் அடிச்சாரு."

"உன் தங்கச்சி?"

"அவளுக்கும் ரெண்டு மாசமா தண்ணிதான். கழுத்துக் கட்டி எலுமிச்சை அளவுல இருந்தது. இப்ப கொய்யா அளவு."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "லேப் ரிப்போர்ட் வர மூணு நாளாகும். குளிர் அறைச் சாவி ரெண்டு பேர்கிட்ட. சீஃப், ஹெட் நர்ஸ்."

"சிஸ்டர விடுங்க சார். தங்கச்சிக்குக் கட்டில் வாங்கிக் கொடுத்ததே அவங்கதான். சிவப்பு மருந்து ஒரு சொட்டு பட்டா சதை வெந்துடும், ரெண்டு கையுறை போடுன்னு தினம் என்னைத் திட்டுவாங்க."

"அப்ப சீஃப்?"

"மூணு நாள் எதுக்கு சார்? மூணு நிமிஷம் போதும். மருந்துன்னு நம்பறவன் ஓடுவான். தண்ணின்னு தெரிஞ்சவன் நிப்பான்."

பத்து மணி. சீஃப் டாக்டரின் அறை. இன்ஸ்பெக்டர் ஹெட் நர்ஸையும் அழைத்திருந்தார். அழுது அழுது நர்ஸின் கண் சிவந்திருந்தது.

ஆயாம்மா இரண்டு கையுறையும் ஏப்ரனுமாக உள்ளே வந்தாள். தட்டில் தங்கைக்கு ஏற்ற வேண்டிய சிவப்பு மருந்துப் புட்டி. சீஃப் டாக்டரின் காலடிக்கு வந்ததும் தட்டைச் சாய்த்தாள்.

சிலீர்!

சிவப்பு, தரையெங்கும் தெறித்து ஓடியது.

"தொடாதீங்க... யாரும் தொடாதீங்க!" சீஃப் டாக்டர் நாற்காலியில் தாவி ஏறினார். அங்கிருந்து மேஜைக்கு. விருதுக் கேடயம் ஒன்று கீழே உருண்டது. "கண்ணுல பட்டா போச்சு. என்னைக் காப்பாத்துங்கய்யா..."

ஆயாம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அசையாமல் நிற்க வேண்டிய ஆள் மேஜை மேல் ஏறி நின்றார்.

"பார்த்து வரக் கூடாதா ஆயாம்மா?"

கனிவான குரல். ஹெட் நர்ஸ் குனிந்து, கைக்குட்டையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிதானமாக. வெறுங்கையால்.

விரல் இடுக்கில் சிவப்பு வழிந்தது.

"சிஸ்டர்..." ஆயாம்மா தன் இரண்டு கையுறையையும் பார்த்தாள். "கையுறை?"

கைக்குட்டை நின்றது.

இன்ஸ்பெக்டர் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். "நிஜ மருந்தெல்லாம் வெளியில வித்தாச்சு, இல்லையா?"

"அவன் கத்தப் பார்த்தான்" என்றார் ஹெட் நர்ஸ், தரையைப் பார்த்தபடி. "தள்ளத்தான் செஞ்சேன். ரேக் முனையில மண்டை பட்டுடுச்சு."

"என் தங்கச்சிக்குமா சிஸ்டர்?"

"பாவம்னுதானே கட்டில் வாங்கிக் கொடுத்தேன்..."

ஆயாம்மா அடிக்கக் கை ஓங்கினாள். இறக்கிக்கொண்டாள்.

"மிச்சம் ஏதாவது வெச்சிருக்கீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"நேத்து வந்த பெட்டி. இன்னும் உடைக்கல."

போலீஸ்காரர்கள் ஹெட் நர்ஸை அழைத்துப் போனார்கள். சீஃப் டாக்டர் மேஜை மேலிருந்தபடியே தொண்டையைச் செருமினார்.

"எனக்கு முதல்லேருந்தே சந்தேகம்தான் இன்ஸ்பெக்டர். இந்த மாபெரும் சதியை நானே வெளிக்கொண்டு வந்தேன்னு பத்திரிகைக்கு..."

"சார்" என்றாள் ஆயாம்மா. "கீழ இறங்குங்க. என் தங்கச்சிக்கு நிஜ மருந்து ஏத்தணும். அதுக்குத் தரையில நிக்கிற டாக்டர் வேணும்."