மூன்றாம் நம்பர் படம்

காலை எட்டு மணிக்கு விளையாட்டு டீச்சர் கண் விழித்தபோது படகைக் காணவில்லை.

அந்தப் பெண்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் எதிரே சுவரில் ஓர் ஓவியம் உண்டு. அதன் அடியில் கட்டிலின் எண் பொறித்த பித்தளைத் தகடு இருக்கும். டீச்சருடைய மூன்றாம் கட்டிலுக்கு எதிரே ஆளில்லாத ஒரு படகு, கரையோர முளையில் கயிற்றால் கட்டப்பட்டுக் கிடந்தது. இப்போது ஆணியும் தகடும் வெளிறிய ஒரு சதுரமும்தான் மிச்சம்.

ஒன்பது மணிக்கு அவருக்கு அறுவை சிகிச்சை.

"நான் வரல சிஸ்டர். படகு வந்தாத்தான் வருவேன்."

"ஏம்மா, ஒரு பள்ளிக்கூடத்தையே விசில் ஊதி ஓட விடற ஆளு நீங்க. ஒரு படத்துக்கா இந்தப் பிடிவாதம்?" என்றார் தலைமை நர்ஸ்.

"மயக்க மருந்துன்னா எனக்குப் பயம். அப்படியே போயிட்டேன்னா? அந்தக் கயித்தைப் பார்த்துத்தான் மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன். கயிறு கட்டியிருக்கு, எங்க போனாலும் திரும்பி வந்துடலாம்னு."

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான்காம் கட்டிலில் என் மனைவி. அச்சகத்தில் பிழை திருத்தித் திருத்தியே கண்ணாடியின் தடிமனை ஏற்றிக்கொண்டவள். எழுந்து நடக்க முடியாத நிலையிலும், யாராவது வாக்கியத்தைத் தப்பாகப் பேசினால் படுத்தபடியே திருத்துவாள்.

"ஏங்க, என் கண்ணாடியைக் குடுங்க. அப்புறம் அந்தச் சுவர்கிட்டப் போய்ப் பாருங்க."

போனேன். மூன்றாம் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய பெரிய பழுப்பு உறையில் முழங்கையை இடித்துக்கொண்டேன்.

"கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு? ஆணி வளைஞ்சிருக்கா?"

"இல்ல."

"சுவத்துல கீறல்?"

"இல்ல. ஸ்டூல் ஒண்ணு இருக்கு. ஈரத்துணியால துடைச்சு ஓரமாப் போட்டிருக்கு."

"ஏறி நின்ன ஸ்டூலைத் துடைச்சு வைக்கிற திருடனா? பேஷ்!"

அப்போது டீச்சரின் கொழுந்தனார் ஃப்ளாஸ்க்கும் கையுமாக உள்ளே வந்தார். முந்தின நாள், "இதை நம்ம வீட்டு ஹால்ல மாட்டினா ஜம்முனு இருக்கும் அண்ணி" என்று சொல்லி வைத்தவர். எல்லோருடைய பார்வையும் அவர்மேல் விழுந்தது.

"நேத்து எப்ப கிளம்புனீங்க தம்பி?" என்று கேட்டாள் என் மனைவி.

"சாயங்காலமே போயிட்டேங்க. ஏன்?"

"அவர் போனப்புறமும் படகு இருந்துச்சுக்கா," என்றார் டீச்சர். "அதைப் பார்த்துக்கிட்டேதான் தூங்கினேன்."

"சரி, அவரை விடுங்க. சிஸ்டர், காலையில யார் வந்தாங்க?"

"டாக்டர் எட்டிப் பார்த்தார். எல்லாரும் தூக்கம். வாசல்லயே புது உதவியாளர்கிட்ட ஏதோ சொல்லிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிட்டார்."

"புது உதவியாளர்னா?"

"இன்னிக்குத்தான் சேர்ந்தார். தங்கமான மனுஷனாத் தெரியறார். சொன்னதை அப்படியே செய்யறார்."

என் மனைவி கண்ணாடியைக் கழற்றினாள். பிழை அகப்பட்டுவிட்டால் அப்படித்தான் செய்வாள்.

"இவங்களுக்கு இன்னும் கொஞ்ச நேரத்துல ஆபரேஷன். எக்ஸ்ரே மட்டும் ஏன் இன்னும் கட்டில்லயே தொங்குது?"

எல்லோரும் பழுப்பு உறையைப் பார்த்தோம்.

"டாக்டர் என்ன சொல்லியிருப்பார்? 'மூணாம் நம்பர் படத்தை எடுத்துட்டு தியேட்டருக்கு வாங்க.' அவருக்குப் படம்னா எக்ஸ்ரே. இன்னிக்கு வேலைக்கு வந்த மனுஷனுக்கு? சுவத்துல படம் இருக்கு, அடியில மூணுன்னு போட்டிருக்கு. திருடன்தான் வேணும்னா டாக்டரைப் பிடிங்க."

"நல்லவேளை, தியேட்டர்னதும் சினிமாவுக்குப் போயிடல," என்றார் நர்ஸ்.

வார்டு தொலைபேசி அடித்தது. மறுமுனையில் டாக்டர் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "படம் கேட்டேன்! இங்க வாசல்ல ஒரு படகு நிக்குது!"

டீச்சர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

படத்தைத் திருப்பிக் கொண்டுவந்த உதவியாளர் வெட்கத்தில் குறுகி நின்றார். "மன்னிச்சுக்குங்கம்மா."

"நீங்க சரியாத்தான் கேட்டீங்க. வாக்கியம்தான் தப்பு," என்றாள் என் மனைவி.

டீச்சரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனபோது, அவர் பார்க்கும்படி படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தியேட்டர் வாசல்வரை கூடவே நடந்தார் அந்த மனிதர். மாலையில் மயக்கம் தெளிந்ததும் டீச்சர் சொன்ன முதல் சொல்: "கயிறு கெட்டிதான்."

அடுத்த மழைக்காலத்தில் என் மனைவியை அதே மருத்துவமனையில் ஒரு தனி அறைக்கு மாற்றினார்கள். அங்கே சுவரில் எதுவும் இல்லை. அவளும் பேச்சைக் குறைத்திருந்தாள். நாடி பார்க்க வந்த டாக்டர் வெற்றுச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உதவியாளரைக் கூப்பிட்டார்.

"மூணாம் கட்டில் இன்னிக்குக் காலிதானே? அந்தப் படத்தை எடுத்துட்டு வாங்க." சட்டென்று நிறுத்தி, கட்டிலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுவத்துல மாட்டியிருக்கிற படத்தை. படகுப் படத்தை."

என் மனைவி கண்ணைத் திறக்கவில்லை.

"இப்ப பிழையில்ல," என்றாள்.

ஆணி அடிக்கும் ஓசை கேட்டதும் கையை நீட்டினாள்.

"ஏங்க, என் கண்ணாடி."