தலைமாட்டுப் பெட்டி

ஒயரைக் கழற்றிப் போட்டிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்பிய கையை மெக்கானிக் நிறுத்தினார். மரப்பெட்டி மேசைமேல் இருந்தது. ஒயர் இரண்டும் விளிம்பில் சும்மா தொங்கின. கரன்டும் இல்லை, ஆம்பிளிஃபையரும் இல்லை, சத்தம் எங்கிருந்து வரும்? சத்தக் குமிழின் தண்டு தேய்ந்து உரசுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆயுசெல்லாம் கோளாறுக்குக் காரணம் சொல்லியே பிழைத்த மனுஷனுக்கு ஒரு காரணத்துக்கா பஞ்சம்!

ஊரார் வீட்டுப் பழைய ஸ்பீக்கரையெல்லாம் பாட வைத்தவர், தன் வீட்டுப் பெட்டியை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தார். படுத்த படுக்கையாகிவிட்ட மனைவி பாட்டாவது கேட்கட்டும் என்று கட்டில் தலைமாட்டில் வைத்த பெட்டி அது. அவள் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் வந்துவிட்டது. அக்கா நினைவாக அந்தப் பெட்டியையாவது கொடுங்கள் என்று அவள் தம்பி கேட்டிருந்தான். கரகரப்போடு கொடுத்தால் தொழிலுக்கு இழுக்கல்லவா? கொடுக்கவும் மனசில்லை, மறுக்கவும் வாயில்லை. மழை பிடித்துக்கொண்ட அந்தச் சாயங்காலம் ஒருவழியாக உட்கார்ந்துவிட்டார்.

குமிழை இழுத்துக் கழற்றி, தண்டின் இடுக்கில் அழுக்கெடுக்கும் மருந்தைப் பீய்ச்சினார். அப்புறம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புவதும் மறுபடி திருப்புவதும்தான் வைத்தியம். உள்ளே படிந்த அழுக்கு இளகி, கறுப்பாகக் கசிந்து பஞ்சில் ஊறியது. மருந்தின் நெடியோடு இன்னொரு வாடையும் மெல்ல எழுந்தது. வலித் தைலமும் வியர்வையில் நனைந்த தலையணையும் கலந்த வாடை. அவர் கண் கலங்கியது. மருந்து நெடி என்று புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

நடுவில் ஓரிடம் மட்டும் நன்றாகத் தேய்ந்திருந்தது. அவள் எப்போதும் வைத்துக் கேட்ட அளவு அது. தண்டு அதைத் தாண்டும்போதெல்லாம் பெட்டி கரகரத்தது. கரகரப்புக்கு அடியில் யாரோ மூச்சுவிட்டார்கள்.

"யாரது?"

அவள் குரல்.

அவருக்குச் சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை. அந்தக் குரலுக்காக எத்தனை ராத்திரி தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்! மறுபடி திருப்பினார்.

"யாரது சுரண்டுறது?"

இந்தக் கேள்வி முன்பே அவர் காதில் விழுந்திருக்கிறது. கடைசி நாட்களில் அவள் இதையேதான் சொல்லிப் புலம்பினாள், பெட்டிக்குள் யாரோ உட்கார்ந்து சுரண்டுகிறார்கள் என்று. எலியாக இருக்கும் என்று சிரித்து, அவள் கண்ணெதிரே ஒயரைப் பிடுங்கிக் காட்டினார். பிடுங்கின பிறகும் கேட்கிறது என்றாள். அவர் அதற்கும் சிரித்தார். மருந்து வாங்கப் போய்த் திரும்பிய ஒரு சாயங்காலம், அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்தியபடி கிடந்தாள். கண்கள் பெட்டிமேல் குத்திட்டு நின்றன. தண்ணீர் டம்ளர் கட்டிலுக்கடியில் உருண்டு கிடந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

சுரண்டியது யார்?

நெருப்பைத் தொட்டவர்போல் கையை எடுத்தார். இனி திருப்பமாட்டார். இந்த ஜன்மத்தில் திருப்பமாட்டார்.

தண்டு சுற்றியது.

தானாக. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. கர். கர்.

"என்னங்க... எங்க போயிட்டீங்க?" அவள் அழுதாள். "பயமா இருக்குங்க. வாங்களேன்."

தண்டைப் பிடித்தார். நிற்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்தார். விரல் தோல் உரிந்ததே தவிர, நிற்கவில்லை. அவள் விம்மினாள். அவளை அப்படித் தனியாக அழவிட அவரால் முடியவில்லை. ஸ்பீக்கர் துணியில் வாயைப் பதித்தார்.

"கண்ணு, நான்தான். பயப்படாத. இங்கதான் இருக்கேன்."

விம்மல் நின்றது.

மூச்சும் நின்றது.

பெட்டிக்குள் ஒரு டம்ளர் விழுந்தது. உருண்டது. எங்கோ முட்டி நின்றது.

தண்டு மட்டும் சுற்றியது. பிறகு பெட்டிக்குள் தூரத்தில் ஒரு கதவு திறந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம். மருந்துப் பையின் சரசரப்பு. அப்புறம், அன்றைக்கு எதுவும் தெரியாமல் வீடு திரும்பிய அவருடைய சொந்தக் குரல், சிரித்துக்கொண்டே:

"கண்ணு, வந்துட்டேன்மா."