சேறு சொன்ன வழி

மண்ணொலி வாசிப்பானின் ஊசி சேற்றுக்குள் நாலு மீட்டர் இறங்கியதும் எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய குரல் கேட்டது. சேறு படியும்போது அருகில் எழும் ஒலி அதன் நுண்துகள்களில் பதிந்துவிடுகிறது. அதைப் பிரித்தெடுப்பதுதான் கருவியின் வேலை. கல்வெட்டு சொல்லாததையெல்லாம் இப்போது களிமண் சொன்னது.

ஆய்வாளர் எழினிக்குக் கோரைக்கழிச் சதுப்பில் கிடைத்தவள் கொற்றி. கடல் கடந்து வந்த குதிரைப்படை நாட்டைப் பிடித்தபோது, நாணலுக்குள் பதுங்கியிருந்து அடித்த கூட்டத்தின் தலைவி. துரத்தி வந்த குதிரைகளைச் சேற்றுக்குள் இழுத்துப் புதைத்தவள். நீருக்கடியில் ஒரே ஒரு கெட்டித் தரை வளைந்து வளைந்து அவர்களது மறைவிடம் வரை ஓடியது. ஓர் அடுக்கில் அந்த வழியைத் தன் ஆட்களுக்கு அடி அடியாகச் சொல்லிக்கொடுத்தாள். அதற்கு மேலடுக்கில் பகைவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக வெட்டினார்கள். "வழி எங்கே?" என்று மொழிபெயர்ப்பவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் அலறினாள், வழியை மட்டும் சொல்லவில்லை.

எழினி அழுதாள். இரண்டு பதிவுகளையும் உலகறிய வெளியிட்டாள். அரசு விருது கொடுத்தது.

மூன்றாம் வாரம், அங்கே லித்தியம் எடுக்க உரிமை பெற்ற நிறுவனம், இத்தனை காலம் சேற்றில் புதைந்துகொண்டிருந்த தன் ராட்சத இயந்திரங்களை அதே கெட்டித் தரையில் ஓட்டிக்கொண்டு உள்ளே போனது. சதுப்பில் வாழ்ந்த சனங்களின் முந்நூறு குடிசைகள் நொறுங்கின.

பதறி ஓடிவந்த எழினியை, நிறுவனத்துக்கு எதிரான சதுப்பு சனங்களின் போராட்டத்தை நடத்திவந்த செங்கேணி படகை விட்டு இறங்காமலே பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுக்கா... அவ பெருமை ஊருக்குத் தெரியட்டும்னுதான்..."

"வெரல வெட்டுனப்பகூட அவ சொல்லல. நீ ஒருத்தரும் கேக்காமலே சொல்லிட்டியேம்மா!"

படகு நாணலுக்குள் மறைந்தது.

சனங்கள் உள்சதுப்பில் எங்கோ பதுங்கிக்கொண்டு இயந்திரங்களை ஒவ்வொன்றாக முடக்கினார்கள். நிறுவன அதிகாரி எழினியை அழைத்து, ஊசியை மேல்சேற்றில் இறக்கச் சொன்னார். அவர்கள் பதுங்குமிடத்தைக் கண்டுபிடிக்க நேற்றைய பேச்சு போதும் அவருக்கு. தான் மறுத்தால் வேறொருவர் வருவார் என்றுதான் எழினி போனாள்.

ஆறு இடங்களில் ஊசியை இறக்கி, ஹெட்போன் மாட்டிக் கேட்டாள். துடுப்பு, இருமல், விறகு ஒடியும் சத்தம். பேச்சே இல்லை. அத்தனை குடும்பங்களும் சேற்றின் மேல் வாய் திறப்பதையே விட்டிருந்தன. ஒரு தாலாட்டுகூடக் கேட்கவில்லை. பேச்சைக் காக்கவென்று செய்த கருவி இது!

ஏழாவது இடத்தில் ஒரு குழந்தை வீறிட்டது. மறுகணமே யாரோ உள்ளங்கையால் அதன் வாயைப் பொத்தினார்கள்.

"என்ன மேடம், ஏதாவது சத்தமா?" என்றார் கூட வந்திருந்த அதிகாரி.

எழினி பதிவை அழித்தாள்.

"நீர்க்கோழி சார்."