ஆளில்லாத மலை

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் ரஜீவனின் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கத்திக்கொண்டு வருவார்கள், இல்லாவிட்டால் அழுதுகொண்டு வருவார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வந்த பெண்மணி இரண்டையும் செய்யவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றினார். நனைந்த குடையை வெளியிலேயே சாத்தினார். உள்ளே எட்டிப் பார்த்து, "துப்பு விசாரிக்கிற ஐயா இருக்காருங்களா?" என்று முஹ்ஸினாவிடம் கேட்டார்.

முஹ்ஸினாவுக்குக் கை பரபரத்தது. பின்னே இருக்காதா? ஒரு மாதமாகத் தொலைந்த மோட்டார் சைக்கிளும் எரிந்த கடைக் கூரையும்தான் வேலை. ரஜீவன் காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பிடித்தே பேர் வாங்கியவர். அந்த வேலையை விட்டுத் தனியாக அலுவலகம் போட்ட பிறகும் அதே மாதிரி வழக்குகளே தேடி வந்தன. அவருக்கு உதவியாளராகச் சேர்ந்த முஹ்ஸினாவோ, தினமும் ஒரு கொலையாவது வரும் என்று நம்பி வேலைக்கு வருகிறவள். வாய் கொஞ்சம் நீளம். அதை அவளுடைய உம்மாவே ஊருக்குச் சொல்வார்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றார் ரஜீவன்.

பெண்மணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "எம்பேரு பாக்கியலெட்சுமிங்க. மடுல்சீமைத் தோட்டம். இன்னைக்கு வேலைக்குப் பேர் போடாம வந்துட்டேன். எம்மக சுதர்ஷினி இங்க பதுளையிலதான் வீடியோ படிக்குது. நாளைக்கு விசாரண வச்சி அத நிப்பாட்டப் போறாங்களாம். அது ஒரு தப்பும் பண்ணலங்க ஐயா."

"நிப்பாட்டுனா?"

"கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயிரும். இல்லாட்டி எம்பக்கத்துல கூடையக் கட்டிக்கிட்டு நிக்கும். அதுக்கா நான் இம்புட்டுப் பாடுபட்டேன்?" அதுவரை கட்டுப்பாட்டில் இருந்த குரல் அந்த இடத்தில் உடைந்தது.

விஷயம் இதுதான். சுதர்ஷினி படிக்கும் பயிற்சி நிலையத்தில் கடைசி வருட மாணவர்கள் ஒரு பாட்டுக்கு வீடியோ எடுத்து, அந்தப் பாட்டின் சீடிக்கு உறையும் வடிவமைத்துக் கொடுக்க வேண்டும். சுதர்ஷினி பாட்டெழுதிப் பாடினாள். பதுளை டவுன் பையன் றுஷாந்தன் கேமரா பிடித்தான். பாட்டின் பெயர் 'மேமலை'. அவளுடைய அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கும் மலையின் பெயரும் அதுதான்.

"போன புதன்கிழமை படம் புடிச்சாங்க" என்றார் பாக்கியலெட்சுமி. "அன்னைக்கு எங்களுக்கு மேமலையிலதான் வேலை. அந்தத் தம்பி நில்லுங்க, குனிங்க, நிமிருங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. என் நிரை, அதான் எனக்கு விட்ட செடி வரிசை, பிந்திப் போச்சுன்னு கங்காணி ஒரே சத்தம். அப்புறம் பொம்பளைங்க எல்லாம் கைகுடுத்து, அந்திக்குள்ள முழு மலையையும் எடுத்து முடிச்சிட்டோம்."

வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் சண்டை. வேலையாட்களை எடுத்துவிட்டு மலையை மட்டும் போடலாம் என்று றுஷாந்தன் சொல்லியிருக்கிறான். "எங்கம்மாவ எடுத்தா இந்தப் பாட்டே வேணாம், எல்லாத்தையும் அழிச்சிருவேன்" என்று சுதர்ஷினி வகுப்பே அதிரக் கத்தியிருக்கிறாள். சனிக்கிழமை காலையில் பார்த்தால், முழுப் படமும் இருந்த ஹார்ட் டிஸ்க், எடிட்டிங் அறையில் தேநீர்க் கேத்தலுக்குத் தண்ணீர் பிடிக்கும் வாளிக்குள் கிடந்தது. முந்தின நாள் அந்த அறையைக் கடைசியாகப் பூட்டியவள் சுதர்ஷினி.

"நான் பாக்குறேன்ம்மா" என்றார் ரஜீவன். அவர் அதற்கு மேல் ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷர்.

பயிற்சி நிலையத்தின் பொறுப்பாளர் ஸுபைரா கண்டிப்பானவர், கெட்டவரில்லை. "எனக்கும் அந்தப் புள்ளய அனுப்புற ஆசையில்ல, மிஸ்டர் ரஜீவன்" என்றார். "ஆனா அவ கத்துனத முழு வகுப்பும் கேட்டுச்சு. அறைச் சாவிய ஒபிஸ் ஆணியிலதான் மாட்டுவாங்க, யாரும் எடுக்கலாம், உண்மை. வேற யாருக்கு அத நாசமாக்கணும்னு இருக்கு? றுஷாந்தனுக்கா? பாவம், அவன்தான் ஞாயித்துக்கிழமை தனியா மடுல்சீமைக்குப் போய், திரும்ப எல்லாத்தையும் எடுத்து, திங்கக்கிழமை குடுத்தான்."

"டிஸ்க்ல இருந்ததுக்கு வேற பிரதி இல்லையா?"

"இல்ல. கேமரா கார்டுகள வழக்கம்போல அழிச்சிட்டேன்னு அவனே சொன்னான்."

றுஷாந்தனைக் கூப்பிட்டார்கள். தலைமுடி படிய வாரியிருந்தான். பேச்சு பஞ்சு மாதிரி மெத்து மெத்தென்று வந்தது. "எனக்கு சுதர்ஷினி மேல கோபமில்ல சேர். அவ ஏதோ ஆத்திரத்துல செஞ்சிட்டா. நான் ஞாயித்துக்கிழமை விடியவே போனேன். அங்க கோயில் திருவிழா, மலையில ஒரு ஆள் இல்ல. அதனாலதான் படம் இவ்வளவு சுத்தமா வந்திருக்கு."

அவன் நீட்டிய சீடி உறையைப் பார்த்ததும் முஹ்ஸினா, "அடேயப்பா!" என்று வாயைப் பிளந்தாள். பனி இறங்கிய மலைச்சரிவு. வலப்பக்கம் பொன்பச்சையாகத் தளிர்கள் நிமிர்ந்து நின்றன. இடப்பக்கம் கரும்பச்சையில் மேசைபோல மட்டமாகக் கிடந்தது. வெயிலும் நிழலும் எவ்வளவு அழகாகப் பிரிந்திருக்கின்றன என்று அவள் வியந்தாள். இரண்டும் சேருமிடத்தில் செடிகளின் மேலே நேரான குச்சியொன்று குறுக்கே கிடந்தது. மனித வாடையே இல்லை.

ரஜீவன் உறையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். அது அவருடைய பழக்கம். நேராகப் பார்த்தால் அழகுதான் தெரியும், கவிழ்த்தால்தான் பொருள் தெரியும் என்பார். வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த மலை தம்பி இது?"

"மேமலைதான் சேர். புதன்கிழமை நின்ன அதே இடம்."

"இது என்ன?" விரல் குச்சியைத் தொட்டது.

"காஞ்ச கிளை சேர். காத்துல விழுந்திருக்கும். இயற்கையா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"நல்லா இருக்கு" என்றார் ரஜீவன். "இத நான் கொஞ்சம் வச்சிக்கலாமா?"

முஹ்ஸினா சும்மா இருப்பாளா? கணினியில் படத்தின் தேதியைத் தோண்டினாள். ஞாயிற்றுக்கிழமை காலை என்றே இருந்தது. பாக்கியலெட்சுமியிடம் இலக்கங்கள் வாங்கித் தோட்டத்துக்கு வரிசையாகப் போன் போட்டாள். றுஷாந்தன் சொன்னது சரி, அன்று திருவிழா, லயத்து வீடெல்லாம் காலி. கேமராவோடு பையன் வந்தானா என்றால், வந்தான் என்றோ வரவில்லை என்றோ சொல்ல ஒருவரும் இல்லை.

பயிற்சி நிலைய வாசலில் சுதர்ஷினியைக் கண்டார்கள். கண் வீங்கியிருந்தது. ரஜீவன் உறையைக் காட்டப் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு அதப் பாக்க வேணாம் சேர். திங்கக்கிழமையும் பாக்க மாட்டேன்னுட்டேன். நான் கத்துனேன், அது உண்மைதான். அழிச்சிருவேன்னும் சொன்னேன். ஆனா அது என் பாட்டு. என் புள்ளைய நானே தண்ணியில போடுவேனா?"

திரும்பும் வழியில் முஹ்ஸினாவின் ஸ்கூட்டி வழக்கத்தைவிட மெதுவாகப் போனது. அந்தப் பிள்ளையை நம்ப வேண்டும் என்று ஆசை, ஆனால் கையில் இருப்பதெல்லாம் அவளுக்கு எதிராகவே நின்றது. ஆத்திரத்தில் யார்தான் என்ன செய்யமாட்டார்கள்? தானே ஒருமுறை கோபத்தில் தன் புதுப் போனைச் சுவரில் அடித்தவள்தானே.

"சேர், ஒருவேளை அவதான் செஞ்சிருப்பாளோ?" என்று கடைசியில் கேட்டேவிட்டாள்.

பின்னாலிருந்து பதில் வந்தது. "முஹ்ஸினா, அந்தப் படத்துல ஒரு ஆள் குறையுது."

"ஆளே இல்லாத படத்துல எப்படி சேர் ஆள் குறையும்?"

"நாளைக்குச் சொல்றேன். ரோட்டப் பாத்து ஓட்டு." இந்த மனுஷரைத் தேயிலை மூட்டைக்குள் போட்டுக் கட்டினால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

புதன்கிழமை விசாரணை அறையில் ஸுபைராவும் இரண்டு விரிவுரையாளர்களும் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். சுதர்ஷினி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில். றுஷாந்தன் ஜன்னலோரம். ரஜீவன் சீடி உறையை மேசை நடுவில் வைத்தார்.

"நான் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு லயத்துல பொறந்தவன்" என்று ஆரம்பித்தார். "பள்ளிக்கூடம் விட்டதும் எங்கம்மாவத் தேடி மலைக்குத்தான் போவேன். அம்மா எங்க நிக்கிறாங்கன்னு எப்படிக் கண்டுபிடிப்பேன் தெரியுமா? பனி மூடியிருந்தா ஆள் தெரியாது. ஆனா மலை தெரியும். கொழுந்து எடுத்த பக்கம் கரும்பச்சையா மட்டமாக் கிடக்கும். எடுக்காத பக்கம் தளிர் வெளிறி நிமிந்து நிக்கும். ரெண்டும் சேருற எடத்துல அம்மா நிப்பாங்க."

முஹ்ஸினா உறையை எட்டிப் பார்த்தாள். வெயிலும் நிழலும் என்று அவள் நினைத்தது! பனி மூடிய படத்தில் வெயில் எங்கிருந்து வரும்? தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றியது.

"இந்தப் படத்துல பாதி மலை எடுத்திருக்கு, பாதி எடுக்கல" என்றார் ரஜீவன். "அதுவும் ஒரு நிரை பாதியில நிக்குது. ஒரு பொம்பளையும் நிரையப் பாதியில விட்டுட்டு வீட்டுக்குப் போகமாட்டா. அப்புறம் இந்தக் குச்சி. தம்பி இதக் காஞ்ச கிளைன்னு சொன்னாரு. பாக்கியம்மா, இது என்னன்னு சொல்லுங்க."

பாக்கியலெட்சுமி குனிந்து பார்த்தார். "மட்டக்கம்புங்க. செடி மேல வச்சி, அதுக்கு மேல நிக்கிற கொழுந்தத்தான் கிள்ளுவோம். நிரையோட நிரையா நகத்திக்கிட்டே போவோம்."

"வேலை முடிஞ்சா?"

"கையோட கொண்டு போயிருவோங்க. மலையில யாரு விட்டுட்டு வருவா?"

"அப்ப கம்பு இருக்கு, பாதி நிரை இருக்கு, கம்புக்காரி மட்டும் இல்ல. இது ஆளில்லாத மலை இல்ல. வேலை நடந்துக்கிட்டிருந்த மலை. அதுல நின்ன ஆள யாரோ கணினியில தொடச்சி எடுத்திருக்காங்க. கூடைய எடுத்தாச்சு, சேலைய எடுத்தாச்சு. இந்தக் குச்சி யாருடையதுன்னு தெரியாததால அது தப்பிச்சிருச்சு."

றுஷாந்தன் எழுந்துவிட்டான். "சேர், படத்துல ஞாயித்துக்கிழமைன்னு தேதி இருக்கு!"

"தேதிய அந்தக் கணினிப் பெட்டிக்கு நாமதானே சொல்லிக் குடுக்குறோம்? தேயிலைக்கு யாரும் சொல்லிக் குடுக்க முடியாது தம்பி. போன புதன்கிழமை அந்திக்குள்ள முழு மேமலையையும் எடுத்து முடிச்சிட்டாங்க. தளிர் திரும்ப நிமிர ஒரு வாரமாவது வேணும். நீங்க ஞாயித்துக்கிழமை போயிருந்தா முழு மலையும் கரும்பச்சையா மொட்டையா நின்னிருக்கும். மேமலை பாதியும் பாதியுமா இருந்தது புதன்கிழமை பகல் மட்டுந்தான். புதன்கிழமை எடுத்த படம் இருந்தது வாளியில போட்ட டிஸ்க்ல. வேற பிரதி இல்லன்னு சொன்னது நீங்க. அப்ப இது எங்கேருந்து வந்துச்சு?"

றுஷாந்தன் சுவரைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், சுதர்ஷினியை மட்டும் பார்க்கவில்லை. ரஜீவன் குரலை உயர்த்தாமலே முடித்தார்.

"நீங்க முதல்லயே எல்லாத்தையும் உங்க லேப்டொப்ல போட்டுக்கிட்டீங்க. சுதர்ஷினி கத்துன கத்தல் உங்களுக்கு வசதியாப் போச்சு. ஆணியில இருந்த சாவிய எடுத்து, டிஸ்க்கத் தண்ணியில போட்டீங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுல உக்காந்து ஆளுங்களத் தொடச்சீங்க. மடுல்சீமைப் பக்கமே போகல."

பையன் தொப்பென்று உட்கார்ந்து அழத் தொடங்கினான். எல்ல என்ற சுற்றுலா ஊரில் ஒரு ஹோட்டல். கணினியில் வெட்டாமல் ஒட்டாமல் நல்ல மலைப்படம் ஒன்று கொடுத்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேலையாட்கள் வேண்டாமாம், வருகிற வெள்ளைக்காரர்களுக்கு மனசு கஷ்டமாக இருக்குமாம். சுதர்ஷினி சம்மதிக்கவே மாட்டாள், அசல் அவளிடம் இருந்தால் ஆளைத் துடைத்தது வெளியாகிவிடும் என்று தெரிந்ததும் இந்த வழியில் இறங்கிவிட்டான். அவளைப் படிப்பிலிருந்தே நிறுத்துவார்கள் என்று நினைக்கவில்லை என்றான். அதை மட்டும் முஹ்ஸினா நம்பவில்லை. சனிக்கிழமையிலிருந்து வாய் திறக்க அவனுக்கு நேரமா இல்லை?

"மன்னிச்சிருங்கம்மா" என்று பாக்கியலெட்சுமியிடம் கையெடுத்தான். "படம் அழகா வரணும்னுதான்..."

பாக்கியலெட்சுமி அவனை உற்றுப் பார்த்தார். "நான் நின்னா மலை அழகு கெட்டுப் போகுதா தம்பி? அந்த மலைய அப்படி வச்சிருக்கிறதே நாங்கதானே."

கோபத்தில் கேட்டிருந்தால் பரவாயில்லை. அவர் நிஜமாகவே பதிலை எதிர்பார்த்துக் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. ஸுபைரா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்துகொண்டார்.

குற்றச்சாட்டு அங்கேயே நீங்கியது. றுஷாந்தனின் விஷயத்தைத் தனியாக விசாரிப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். லேப்டொப்பில் இருந்த படங்கள் சுதர்ஷினியின் கைக்கு வந்தன. அடுத்த வாரத்துக்குள் வீடியோவையும் உறையையும் அவளே முடித்துக் கொடுக்கலாம் என்றார் ஸுபைரா. சுதர்ஷினி தலையாட்டினாள். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் நின்றாள். கூடப் படித்தவர்கள் இத்தனை நாளும் தன்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்களே, அது ஒரு சொல்லில் போய்விடுமா?

முஹ்ஸினா திரையில் அசல் படத்தைத் திறந்தாள். அதே பனி, அதே சரிவு. நடுவில் ஒரு முதுகு, ஒரு கூடை, ஈரத்துக்கு இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு.

"அம்மா, உறையில உன்னப் போடவா, வேணாமா?" என்று கேட்டாள் சுதர்ஷினி. "நான் பாட்டுக்கு உனக்காகச் சண்ட போட்டுட்டேன். உங்கிட்ட ஒரு வார்த்தகூடக் கேக்கல. நீ வேணாம்னா போடமாட்டேன்."

பாக்கியலெட்சுமி திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். "இதுல முதுகுதானே தெரியுது. இது நாந்தான்னு யாருக்குத் தெரியும்? கேமராவப் பாத்துத்தான் நின்னேன். திரும்பிக்கங்கம்மா, முகம் வேணாம்னு சொல்லிருச்சு அந்தத் தம்பி."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"போடு புள்ள. ஆனா இது வேணாம். கேமராவ எடுத்துக்கிட்டு எங்கூட வா. இந்த வாட்டி நான் திரும்ப மாட்டேன்."