ஒரு குதிரை சின்னது!

சளீர்!

ஷோகேஸ் கண்ணாடி சில்லுச் சில்லாகச் சிதறியது.

உடைத்தது திருடன் இல்லை. கடை முதலாளி!

செஸ் காய்கள் விற்கும் அந்தக் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. வேலையாட்கள் யாரும் வரவில்லை. முதலாளி சுத்தியலை மேஜைக்கு அடியில் தள்ளினார். உடைந்த ஓட்டைக்குள் கையை விட்டு வெல்வெட் பெட்டியை வெளியே இழுத்தார். உள்ளே இருப்பது அவர் வார்த்து எடுத்த முதல் குதிரை. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டிய குதிரை.

போகவே கூடாத குதிரை!

பெட்டியைத் திறந்தார்.

காலி!

'அடக் கடவுளே... நான் திருடறதுக்கு முன்னாடியே எவனோ திருடிட்டானா?'

"அப்பா! என்ன சத்தம்?"

மாடிப்படியில் மகள் தடதடவென்று இறங்கி வந்தாள். தோளில் கறுப்புக் கோட்டு. வக்கீலான பிறகு அவள் கையில் எடுத்த முதல் வழக்கே அப்பாவின் வழக்குதான்.

"தி... திருடன்மா! குதிரையைக் காணோம்!"

மகள் காலிப் பெட்டியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

பக்கத்துக் கடை டெய்லர் அதற்குள் போலீஸுக்குப் போன் போட்டுவிட்டார். முதலாளி நெற்றி வியர்வையைத் துடைத்து முடிப்பதற்குள் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னாலேயே ஏட்டு.

"குதிரை ஓடிப் போச்சுன்னாங்களே... லாயம் எங்கேங்க?" என்றார் ஏட்டு.

"யோவ், சும்மா இருய்யா!" இன்ஸ்பெக்டர் முதலாளியிடம் திரும்பினார். "ஒத்தைக் காய்க்கா சார் இவ்வளவு அமர்க்களம்?"

முதலாளி காலிப் பெட்டியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"சொல்லுங்கப்பா" என்றாள் மகள். அவர் சொல்வதாக இல்லை. அவளே சொன்னாள்.

"எங்க மாமா, அதாவது அம்மாவோட தம்பி, இதே மாதிரி குதிரையை 'சேனாதிபதி'ங்கற இதே பேர்ல விக்கறார் சார். வடிவமும் என்னுது, பேரும் என்னுதுன்னு அப்பா கேஸ் போட்டிருக்கார். நாளைக்கு ரெண்டு பேரோட முதல் குதிரையையும் கோர்ட்டுல அளக்கப் போறாங்க."

"அளந்தா?"

"இதெல்லாம் ரெசின் சார். அச்சுல ஊத்தினா இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அடுத்தவங்க குதிரை மேல அச்சு எடுத்து ஊத்தினா அது இன்னும் சுருங்கும். எது சின்னதோ, அதுதான் காப்பி!"

"அட! திருட்டுக் குதிரைன்னா இளைச்சுப் போயிடுமா?" ஏட்டுக்கு ஒரே சிரிப்பு.

முதலாளி சிரிக்கவில்லை. இளைத்தது எது என்று அவருக்குத் தெரியும்!

இருவரும் ஒரே பட்டறையில் இருந்த காலம். மச்சான் ராத்திரி பகலாகச் செதுக்கி, வார்த்து, 'சேனாதிபதி' என்று பெயரும் வைத்திருந்தான். அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அந்தக் குதிரையைக் களிமண்ணில் அழுத்தி அச்சு எடுத்த கை... இப்போது பேன்ட் பைக்குள் ஒளிந்துகொண்டது.

"அப்போ குதிரை காணாமப் போனா லாபம் உங்க மாமாவுக்குத்தானே!" இன்ஸ்பெக்டர் தொடையில் தட்டினார். "ஏட்டு, அந்த ஆளைப் பிடிச்சுட்டு வாய்யா!"

மச்சானின் கடை எதிர்ச் சாரியில்தான். உப்புத்தாள் தேய்த்த தூசு கையைவிட்டுப் போகாமலே ஓடி வந்தார்.

"அத்தான்! கண்ணாடியெல்லாம் நொறுங்கிக் கிடக்கே... உங்களுக்கு ஒண்ணும் அடிபடலையே?"

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட முதலாளிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"பாசமழை அப்புறம்!" இன்ஸ்பெக்டர் அதட்டினார். "முதலாளி, உங்களுக்கு இவர் மேல சந்தேகம் உண்டா, இல்லையா? ம்னு சொல்லுங்க, ஜீப்புல ஏத்திடறேன்."

இல்லை என்றால் அடுத்த சந்தேகம் யார் மேல்?

மகள் கண்ணிமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கப்பா."

முதலாளியின் தலை குனிந்தது. குனிந்த தலை மெல்ல... மேலும் கீழும் ஆடியது!

"ஏறுய்யா வண்டியில!"

"ஒரு நிமிஷம் சார்!"

மகள் தன் கைப்பையைத் திறந்தாள். குதிரையை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"திருட்டே நடக்கலை. அம்மாகிட்ட சாவி வாங்கி நான்தான் நேத்து இதை எடுத்தேன். கோர்ட்டுல அளக்கறதுக்கு முன்னாடி நாம அளந்து பார்த்துடலாமேன்னு. மாமாவோட குதிரையையும் கேட்டு வாங்கி அளந்தேன்."

என்ன அளவு என்று அவள் சொல்லவில்லை. அப்பாவின் முகத்தையும் பார்க்கவில்லை. தரை பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது முதலாளிக்கு. அப்பாவே உண்மையை ஒப்புக்கொள்ளட்டும் என்றுதானா இரண்டு முறை 'சொல்லுங்கப்பா' என்றாள்!

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். "குதிரை இங்கே இருக்கு. அப்ப கண்ணாடியை உடைச்சது யாரு?"

முதலாளி கையைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் திணித்தார்.

முதலாளியின் பேன்ட் பையில் சிவப்பாக ஏதோ கசிந்தது. இன்ஸ்பெக்டரின் பார்வை மெல்லக் கீழே இறங்கியது...

"நான்தான் சார்!" மச்சான் சட்டென்று குறுக்கே வந்து நின்றார். "கேஸ் போட்ட ஆத்திரத்துல உடைச்சுட்டேன். அத்தானை விட்டுடுங்க!"

மகள் விருட்டென்று திரும்பினாள். கண்ணில் நீர் முட்டியது. குரல் மட்டும் அசல் வக்கீல் குரல்!

"மாமா! அப்பா உங்க குதிரையைக் காப்பியடிச்சார். பதிலுக்கு நீங்க அவர் குத்தத்தைக் காப்பியடிக்காதீங்க... அதுக்கு வேற தனியா ஒரு கேஸ் நடத்த என்னால முடியாது!"